பச்சை கவுனும் பிஸ்கட் டப்பாவும்

செத்துப்போன ஒரு நடிகையோட கவுனுக்குப் பத்தொம்பது வருஷமா ஆயா வேலை பார்த்தவ ஊசியக்கா. ரிஜிஸ்டர்ல அவ உத்தியோகம் கூட்டிப் பெருக்குறது. சம்பளமும் அதுக்கு மட்டும்தான். கவுனை வெயில் படாம, பூச்சி அரிக்காம, எலி கடிக்காம காப்பாத்துனதெல்லாம் ஓசி. அந்த ஓசி வேலைக்கு என்ன மரியாதை கெடைச்சுதுன்னு போகப் போகத் தெரியும்.

ஊசியக்கான்னு பேரு வந்த கதை ஒண்ணும் பெரிய கதை இல்ல. அவ சட்டைக் காலர்ல எப்பவும் நூல் கோத்த ஊசி ஒண்ணு குத்தியிருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, சாவு வீட்டுக்குப் போனாலும் சரி, ஊசி கூடவே போகும். கல்யாணமான புதுசுல புருஷன் ஆசையா கிட்ட வந்து நெஞ்சுல ஒரு குத்து வாங்கினான். அதுலேருந்து முப்பது வருஷமா மொதல்ல காலரைப் பார்ப்பான், அப்புறம்தான் பொண்டாட்டியப் பார்ப்பான். மூணு புள்ள பொறந்ததே அதிசயம்.

மியூசியத்துக்கு வர்றதுக்கு முன்னாடி துணிக் கம்பெனில பட்டன் தெச்சா. ஒரு நாளைக்கு எண்ணூறு பட்டன். கண்ணு மூடினா பட்டன், தொறந்தா பட்டன். கம்பெனிய மூடினப்ப எல்லாப் பொம்பளைங்களும் அழுதுகிட்டே வீட்டுக்குப் போனாளுங்க. இவ தரையில சிந்திக் கெடந்த பட்டனையெல்லாம் பொறுக்கிக்கிட்டுத்தான் போனா.

எதையும் தூக்கிப் போட மாட்டா, அதான் அவ கொணம். வீட்டுல மூடி இல்லாத பாட்டில் ஒரு அலமாரி, பாட்டில் இல்லாத மூடி ஒரு அலமாரி. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாது. என்னைக்காச்சும் பொருந்தும்னு காத்துக்கிட்டிருக்கா. புருஷன் பஸ் ஓட்டினவன். கண்ணு மங்கிப்போய் வீட்டுல உக்காந்ததுலேருந்து வாய் மட்டும் தெளிவாயிடுச்சு. வர்றவன் போறவன்கிட்டெல்லாம் சொல்லுவான்:

"நான் செத்தா என்னைத் தூக்க விட மாட்டாய்யா இவ. எதுக்காச்சும் ஆகும்னு மூலையில சாத்தி வெச்சுக்குவா."

"எதுக்கு ஆவீங்க நீங்க? உயிரோட இருக்கறப்பவே ஒண்ணுத்துக்கும் ஆகல," அப்படிம்பா ஊசியக்கா. அதோட பேச்சு முடிஞ்சுது.

மியூசியம்னா என்னமோ பளிங்கு மாளிகைன்னு நெனைச்சுடக் கூடாது. முன்னாடி அது மாட்டாஸ்பத்திரி. கவுன் நிக்கிற ரூம்லதான் மாட்டுக்கு ஊசி போடுவாங்க. மாட்டைக் கட்டுற இரும்பு வளையம் இன்னும் சுவத்துலயே இருக்கு. அதைப் பார்த்துட்டு, "நடிகைய இதுலயா கட்டிப் போட்டிருந்தாங்க?"ன்னு கேட்ட அறிவாளிங்களும் உண்டு.

மத்த ரூம்ல ஒத்தைக் கண்ணு முதலை ஒண்ணு, பஞ்சு அடைச்சது. வெடிச்சதே இல்லாத பீரங்கி ஒண்ணு. ஒடைஞ்ச பானை பதினேழு. அப்புறம் முன்னாள் நகராட்சித் தலைவர் உக்காந்த நாற்காலி. யாரும் உக்காரக் கூடாதுன்னு அதுல குறுக்கால கயிறு கட்டியிருக்கும். அவரு இருந்தப்பவே கட்டியிருந்தா ஊரு உருப்பட்டிருக்கும்.

கவுனுக்குச் சொந்தக்காரி இந்த ஊருல பொறந்தவ. அவளுக்கும் ஊருக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான். பதினாறு வயசுல சினிமாவுக்குன்னு பஸ் ஏறினா. ஏறினப்ப ஊரே காறித் துப்புச்சு. அவ மூஞ்சி போஸ்டர்ல வந்ததும், துப்புன அதே வாயெல்லாம் "எங்க தெருப் பொண்ணு"ன்னுச்சு. அவ ஊர்ப்பக்கம் தலை வெச்சும் படுக்கல. நல்ல காரியம் பண்ணா. செத்த பெறகு தங்கச்சிக்காரி பீரோவக் காலி பண்றப்ப, எடம் அடைக்குதேன்னு இந்தப் பச்சை கவுனை மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிவெச்சா. ஊரும் மேளதாளம் இல்லாத குறையா வாங்கிக்கிச்சு.

அந்தக் கவுனப் போட்டுக்கிட்டு ஒரு படத்துல மாடிப்படியில எறங்கி வருவா. மூணு நிமிஷம். உடம்பு பூரா சமிக்கி. சமிக்கின்னா குட்டிக் குட்டியா மினுங்குற வட்டப் பொட்டு, நடுவுல ஓட்டை போட்டு நூலால தெச்சிருக்கும். இப்ப பிளாஸ்டிக்ல வருது. அந்தக் காலத்துல எலும்பைக் காய்ச்சி எடுத்த பசையில பண்ணுவாங்களாம். தண்ணி பட்டா வெல்லம் மாதிரி கரைஞ்சுபோகும். இது மியூசியத்துல ஒருத்தருக்கும் தெரியாது. எப்பத் தெரிஞ்சுதுன்னா, ஊசியக்காவுக்கு முன்னாடி வேலை பார்த்தவ ஒரு நாள் பொறுப்பா ஈரத் துணிய எடுத்து கவுனத் தொடைச்சா பாரு, அப்பத்தான் தெரிஞ்சுது. இடுப்புல உள்ளங்கை அகலத்துக்குச் சமிக்கி கரைஞ்சு பச்சைக் கூழா வழிஞ்சுது. அவளுக்கு அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. ஊசியக்காவுக்கு வேலை கெடைச்சுது.

சேர்ந்த அன்னைக்கு டைரக்டர் கூப்பிட்டுச் சொன்னாரு. டைரக்டர்னா சினிமா டைரக்டர் இல்ல. மியூசியத்துக்கு டைரக்டர், அவருக்குக் கீழ ரெண்டே பேரு, ஒண்ணு ஊசியக்கா, ஒண்ணு டிக்கெட் கிழிக்கிறவன்.

"கவுன் பக்கம் தண்ணி கொண்டு போகாதம்மா."

"சரிங்க சார். இடுப்புல இப்படி ஓட்டையா நிக்குதே, அதை என்ன பண்றது?"

"ஏதாவது பண்ணு," அப்படின்னு பேப்பரைப் பிரிச்சுக்கிட்டாரு.

பண்ணா. பத்தொம்பது வருஷம் பண்ணா.

கடைத்தெருவுல அதே பச்சையில சமிக்கி வாங்கினா. புதுசு கண்ணைப் பறிக்குது, பழசு வயசானவ மாதிரி மங்கிக் கெடக்கு. கெட்டித் தேத்தண்ணில புதுசை ரெண்டு நாள் ஊறப்போட்டு, நெழல்ல காயவெச்சு, சாக்குத் துணில தேய்ச்சா. ஜோடி சேர்ந்துடுச்சு. அந்த எடத்துல வெச்சுத் தெச்சா, எது பழசு எது புதுசுன்னு சொன்னவன் எவனும் இல்ல. திங்கக்கெழமை மியூசியம் லீவு. மத்தவங்க வீட்டுல தூங்குவாங்க. இவ பின் வாசலைத் தொறந்துகிட்டு வந்து மாட்டு வளையத்துக்குக் கீழ ஸ்டூலைப் போட்டு உக்காந்துடுவா.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சு. வாரத்துல ரெண்டு மூணு நாள் காலைல கூட்டுறப்ப கவுனுக்குக் கீழ ஒண்ணு ரெண்டு சமிக்கி விழுந்து கெடக்கும். பழசு நொறுங்கிப் போகும், திரும்பத் தெய்க்க முடியாது, புதுசு வெப்பா. அக்குள்ல உள்துணி வேர்வைல இத்துப்போயிருந்துச்சு. நடிகைக்கும் நமக்கும் வேர்வை ஒண்ணுதான் போல. அதைப் பிரிச்சு வேற துணி போட்டா. முதுகு ஜிப்பு துருப்பிடிச்சு துணியத் தின்ன ஆரம்பிச்சுது, மாத்தினா. எலி ஓரத்தைக் கடிச்சப்ப ரெண்டு வாரம் சோறு எறங்கல அவளுக்கு. ஒரு முழம் ஓரம் புதுசு.

பொம்மைதான் பெரிய கூத்து. மூடிப்போன துணிக்கடையிலேருந்து ஒரு தலையில்லாத பொம்மைய வாங்கிப் போட்டிருந்தாங்க. அதுக்கு இடுப்பு அண்டா மாதிரி. கவுன் தையல் விட்டு மூச்சு முட்டிக்கிட்டு நிக்குது. ஊசியக்கா டைரக்டர் ரூம்ல மாட்டியிருந்த நடிகையோட போட்டோவை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தே அளவு எடுத்தா. ஒல்லியா வேற ஒரு பொம்மை தேடிப் பிடிச்சு, பழைய பெட்ஷீட்டைக் கிழிச்சு சுத்தி, அங்க கொஞ்சம் ஏத்தி இங்க கொஞ்சம் எறக்கி, நடிகையோட உடம்பையே கட்டிக் கொண்டாந்தா. இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும் அந்த நடிகைக்கு. கூட வாழ்ந்த புருஷனுங்களுக்கே தெரிஞ்சிருக்காது, ரெண்டு பேருக்கும். ஊசியக்காவுக்குத் தெரியும்.

விழுந்ததையும் பிரிச்சதையும் தூக்கிப் போடல. அவளா போடுவா? பெரிய பிஸ்கட் டப்பா ஒண்ணுல, எல்லாத்தையும் குட்டிக் குட்டியாப் பேப்பர்ல பொட்டலம் கட்டி வெச்சா. பொட்டலத்து மேல தேதி, எந்த எடத்துலேருந்து வந்துச்சுன்னு எழுத்துக் கூட்டி எழுதியிருப்பா. 'எடது தோளு', 'பின்னாடி இடுப்பு', 'அக்குளு வலது'. டப்பா தொடப்பக் கபோர்டுல பினாயிலுக்குப் பின்னாடி இருக்கும். பார்த்தவன் டிக்கெட்டு மட்டும்தான். அவனுக்குச் சொந்தப் பேரு ஒண்ணு உண்டு, அவன் பொண்டாட்டிக்கே அது மறந்துபோச்சு.

"என்னக்கா இது, பிஸ்கட்டா?"

"இல்ல தம்பி. கவுனு."

"அப்ப அங்க நிக்கிறது?"

"அதுவும் கவுனுதான்."

அவன் வயித்து உப்புசக்காரன், ரெண்டு தடவைக்கு மேல எதையும் யோசிக்க மாட்டான். ஏப்பம் விட்டுட்டுப் போயிட்டான்.

டைரக்டரு கவுனைத் தொட்டதே இல்ல. விருந்தாளி வந்தா மட்டும் அந்த ரூமுக்கு வருவாரு. "இருபதாயிரம் சமிக்கி! ஒண்ணுகூடக் கொறையல! அப்படியே ஒரிஜினல்!"னு கையை நீட்டிப் பேசுவாரு. ஊசியக்கா எண்ணியிருக்கா, ஆறாயிரத்து நானூத்திப் பன்னெண்டு. அவர் பேசுறப்ப இவ வாசப்படியில தொடப்பத்தோட நின்னு, ஒரிஜினல்ங்கறப்ப மட்டும் முதலை ரூம் பக்கம் திரும்பிக்குவா.

ஒண்ணு சொல்லணும், அந்த மியூசியத்துக்கு ஜனம் வர்றது கவுனுக்காகத்தான். கல்யாணம் நிச்சயமான பொண்ணுங்க வந்து கழுத்து வெட்டைப் பார்த்து வரைஞ்சுகிட்டுப் போவாளுங்க. கெழவனுங்க வருவானுங்க, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு ரொம்ப நேரம் நிப்பானுங்க. கெழவிங்க வந்து, கெழவன் எவ்வளவு நேரம் நிக்கிறான்னு பார்த்துக்கிட்டு நிப்பாளுங்க. முதலைக்கு முன்னாடி எவனும் நின்னதில்ல.

இப்படி இருக்கறப்ப ஒரு புதன்கெழமை டைரக்டர் பல்லெல்லாம் தெரிய வந்தாரு. அவர் சிரிச்சா யாருக்கோ கேடுன்னு அர்த்தம்.

"பெரிய ஊரு மியூசியத்துலேருந்து லெட்டர் வந்திருக்கு! நம்ம கவுனை அவங்களே எடுத்துக்கறாங்களாம். நிரந்தரமா! நாளன்னைக்கு ஒரு நிபுணர் வந்து பார்த்துட்டு, ஒரிஜினல்தான்னு எழுதிக் குடுத்தா போதும். கூடவே எனக்கும் அங்க ஒரு போஸ்ட் தர்றதா சொல்லியிருக்காங்க."

டிக்கெட்டு மெதுவாக் கேட்டான், "கவுன் போயிட்டா இங்க என்ன சார் இருக்கும்?"

"முதலை இருக்குல்ல?"

"அதுக்கு ஒத்தைக் கண்ணுதான் சார் இருக்கு."

"போதும். உன்னைப் பார்க்க அது போதும்."

நகராட்சி ரொம்ப நாளா அந்தக் கட்டடத்தை இடிச்சு வண்டி நிறுத்துற எடமாக்கத் துடிச்சுக்கிட்டிருக்கு. கவுன் ஒண்ணுதான் குறுக்க நிக்குது. அது போன மறுமாசம் மியூசியத்துக்குப் பூட்டுதான்னு சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியும். டைரக்டருக்கும் தெரியும். அவருக்கென்ன, அவருதான் கவுனோட கெளம்புறாரே.

ஊசியக்கா அன்னைக்கு வீட்டுக்குப் போய் சாப்பிடாம உக்காந்திருந்தா. புருஷன் மோப்பம் பிடிச்சுட்டான்.

"என்னடி, எலி கடிச்சுதா?"

"கவுனைக் கொண்டு போறாங்களாம்."

"போகட்டும் விடு. அது என்ன நீ பெத்த பொண்ணா?"

"பெத்ததுங்க மூணும் கட்டிக் குடுத்த பெறகு திரும்பிப் பார்க்கல. அது பத்தொம்பது வருஷமா நின்ன எடத்துல நிக்குது."

அவன் அவ பங்குச் சோத்தையும் சேர்த்துத் தின்னுட்டுப் படுத்தான்.

வெள்ளிக்கெழமை நிபுணரம்மா வந்தா. குட்டையா முடி வெட்டி, கழுத்துல பூதக்கண்ணாடி தொங்கவிட்டுக்கிட்டு, வெள்ளைக் கையுறையோட. கெட்டவ இல்ல. ஊசியக்காகிட்ட "நீங்க, வாங்க"ன்னுதான் பேசினா. மியூசியத்துல அந்த வார்த்தைய அவ கேட்டே வருஷம் ஆச்சு. மேஜையில வெள்ளைத் துணி விரிச்சு, கவுனைப் பொம்மையிலேருந்து எறக்கினாங்க. எறக்குறப்ப நிபுணரம்மா பொம்மையத் தடவிப் பார்த்துட்டு, "இந்த உடம்பு யார் கட்டினது? ரொம்ப நல்லா இருக்கே!" அப்படின்னா.

"நாங்கதான் மேடம், எல்லாரும் சேர்ந்து," அப்படின்னாரு டைரக்டர். எல்லாருங்கறது யாருன்னு முதலைதான் சொல்லணும்.

மொதல்ல ஜிப்பு. நிபுணரம்மா மேலயும் கீழயும் இழுத்துப் பார்த்தா. நெத்தி சுருங்குச்சு.

"இது நைலான் ஜிப். அந்தப் படம் எடுத்தப்ப இது கிடையாதே."

டைரக்டர் சிரிப்பு பாதில நின்னுது. உள்துணியத் திருப்பினா. "இதுவும் புதுசு." அப்புறம் பையிலேருந்து நீல விளக்கு ஒண்ணை எடுத்தா. "ஜன்னலைச் சாத்துங்க. பழைய நூல் இந்த வெளிச்சத்துல இருட்டா இருக்கும். இந்தக் காலத்து நூல் மின்னும்."

டிக்கெட்டு ஜன்னலைச் சாத்தினான். விளக்கைப் போட்டா.

அடேயப்பா. கவுன் பூரா எரிஞ்சுது. தோள்ல, மார்ல, இடுப்புல, ஓரத்துல, அக்குள்ல, புள்ளி புள்ளியா, கோடு கோடா, நீலமும் வெள்ளையுமா மின்னுது. இருட்டு மாட்டு ரூம்ல அந்தக் கவுன் மட்டும் ஊர் மாதிரி வெளக்கேத்திக்கிட்டுக் கெடக்கு. பத்தொம்பது வருஷத்துத் திங்கக்கெழமை பூரா அதுல இருந்துச்சு. தையல் தெரியக் கூடாதுன்னே தெச்சவ ஊசியக்கா. அவளே அதைப் பார்த்ததில்ல. வாயத் தொறந்தபடி நின்னா.

"அம்மாடி," அப்படின்னா தன்னை மறந்து, "இம்புட்டா தெச்சிருக்கேன்!"

டைரக்டர் மூஞ்சி கவுனை விடப் பச்சையாச்சு.

"நீயா? எவன் சொன்னான் உன்னைத் தெய்க்கச் சொல்லி?"

"நீங்கதான் சார். ஏதாவது பண்ணுன்னீங்க."

"எப்போ?"

"சேர்ந்த அன்னைக்கு."

நிபுணரம்மா விளக்கை அணைச்சுட்டு ஸ்டூல்ல உக்காந்தா. கோவம் இல்ல, ஆஸ்பத்திரில டாக்டருங்க பேசுவாங்களே, அந்தக் கொரல்ல சொன்னா: "பாருங்கம்மா, நீங்க நல்லது நெனைச்சுத்தான் பண்ணியிருக்கீங்க. தையல் எவ்வளவு சுத்தம்! ஆனா ஒரு பழைய பொருளைப் பொறுத்தவரைக்கும், கிழிஞ்சாலும் அதான் அது. நீங்க மாத்துனது முக்கால்வாசி. இதை இப்படியே ஒரிஜினல்னு நான் எழுத முடியாது." கவுன் ஓரத்தை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தா. "ஒண்ணே ஒண்ணு. எடுத்த பழைய பாகமெல்லாம் எங்க? அந்தத் துணி, ஜிப்பு, சமிக்கி? அது இருந்தா எங்க ஆளுங்க எல்லாத்தையும் அதனதன் எடத்துல சேர்த்துடுவாங்க. அப்ப இன்னைக்கே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்."

டைரக்டருக்கு உயிர் திரும்புச்சு. "இருக்கும் மேடம், இருக்கும்! இவ எதையும் தூக்கிப் போட மாட்டா! ஊரே சொல்லும்! எங்கம்மா வெச்சிருக்க? சொல்லு!"

பத்தொம்பது வருஷத்துல ஒருத்தர், ஒரே ஒருத்தர், அந்தப் பழசெல்லாம் எங்கன்னு கேட்டது அன்னைக்குத்தான். எப்படா கேப்பாங்கன்னு கெடந்தவ. 'ஒரு நிமிஷம் இருங்கம்மா, ஒரு பொட்டுகூட விடல, தேதி போட்டு வெச்சிருக்கேன்'னு நாக்கு நுனிக்கு வந்துடுச்சு. காலு தொடப்பக் கபோர்டு பக்கம் ஒரு எட்டு வெச்சுடுச்சு. அப்புறம் என்னமோ நின்னு கேட்டா:

"அங்க கொண்டு போய் எங்கம்மா நிக்க வெப்பீங்க?"

"நிக்க வெக்க மாட்டோம்மா. நிக்க வெச்சா எடை தாங்காம துணி இழுபடும். பெட்டியில படுக்கப் போட்டு, தாள் சுத்தி, இருட்டு ரூம்ல ட்ராயர்ல வெச்சுடுவோம். வெளிச்சம், காத்து ஒண்ணும் படாது. எங்ககிட்ட இப்படி மூவாயிரம் உடுப்பு இருக்கு."

"யாரு வந்து பார்ப்பாங்க?"

"ஆராய்ச்சி பண்றவங்க. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை கண்காட்சிக்கு எடுப்போம்."

"பொணத்தை வெக்கிற மாதிரி," அப்படின்னா ஊசியக்கா.

"பத்திரமா," அப்படின்னா நிபுணரம்மா. அவ சொன்னதும் பொய் இல்ல, பாவம்.

ஊசியக்கா கவுனைப் பார்த்தா. மேஜையில படுத்துக் கெடந்துச்சு. படுத்திருக்கறப்ப அது நடிகை மாதிரியே இல்ல. துணி மாதிரி இருந்துச்சு. காலரைத் தடவி ஊசி இருக்கான்னு பார்த்துக்கிட்டா. அப்புறம் சொன்னா, வாழ்க்கைல யாரும் அவளைப் பத்திச் சொல்ல முடியாத வார்த்தைய, தன் வாயால தானே:

"குப்பையில போட்டுட்டேங்கம்மா."

"என்னது?" டைரக்டர் குதிச்சாரு. "நீயா? குப்பையில? நீ ஒடைஞ்ச சீப்பைக்கூடப் போட மாட்டியேடி!"

டி போட்டதை எல்லாரும் கேட்டாங்க. ஊசியக்கா தரையப் பார்த்துக்கிட்டு, "படிக்காதவ சார். பழசு எதுக்குன்னு கூட்டி வாரிப் போட்டுட்டேன்" அப்படின்னா. எண்ணூறு பட்டன் தெச்சப்பகூட அவ கை வேலை செய்யாத வேகத்துல அன்னைக்கு வாய் வேலை செஞ்சுது.

"பொய்! ஏய் டிக்கெட்டு, போய் அவ தொடப்பக் கபோர்டைத் தொறந்து பாரு! ஒண்ணு விடாம பாரு!"

டிக்கெட்டு போனான். அவனுக்கு டப்பா தெரியும். அவன் கபோர்டைத் தொறக்கிற சத்தம் கேட்டுச்சு. டின்னு ஒண்ணு நகர்ற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் பெரிய ஏப்பம் ஒண்ணு. திரும்பி வந்து வாசப்படியில நின்னான், மூஞ்சிய மரக்கட்ட மாதிரி வெச்சுக்கிட்டு.

"தொடப்பமும் பினாயிலும்தான் சார் இருக்கு. பினாயில் ஊத்துது, வேற டின்னு வாங்கணும்."

நிபுணரம்மா கையுறையக் கழட்டினா. அழாத குறைதான் அவளுக்கு. நேர்மையானவ, அதனால வலிச்சிருக்கும். போற வழியில வாசல்ல ஊசியக்காகிட்ட நின்னு, "ஒரே ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருக்கக் கூடாதாம்மா?"ன்னா. ஊசியக்கா அதுக்கு என்ன சொல்லுவா? "தோணலயேம்மா" அப்படின்னா. ஒடம்பெல்லாம் எரிஞ்சுது அவளுக்கு. திருடின்னு சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பா. தூக்கிப் போட்டவன்னு பேரு!

அவங்க கார் போனதும் டிக்கெட்டைப் பிடிச்சா.

"ஏன் தம்பி காட்டிக் குடுக்கல?"

"ஏங்க்கா, நான் என்ன முதலைக்கா டிக்கெட் கிழிக்கிறது மிச்ச காலம்?" அப்புறம் மெதுவா, "அந்த லைட்டு போட்டாங்களே, அப்ப நீங்க நின்ன நெலையப் பார்த்தேன்" அப்படின்னுட்டு, அதுக்கு மேல பேசினா அழுதுடுவோம்னு கவுண்டருக்குப் போயிட்டான்.

ஊருக்குள்ள சேதி பரவ அரை நாள் ஆகல. மார்க்கெட்ல பொம்பளைங்க அவ காதுபடவே, "நம்ம நடிகை கவுனை நாசம் பண்ணவ"ன்னாளுங்க. நடிகை பஸ் ஏறினப்ப துப்புன குடும்பத்து வாரிசுங்கதான். டைரக்டர் மெமோ குடுத்தாரு. அந்த வருஷ சம்பள உயர்வு கட். அவரு பெரிய ஊருக்குப் போகல, இன்னும் முதலைக்குத்தான் டைரக்டர். அந்த ஒரு விஷயத்துல ஊசியக்காவுக்கு வருத்தம் இருந்த மாதிரி தெரியல.

வீட்டுல புருஷன் மெமோவை மூக்குகிட்ட வெச்சுப் படிச்சான். ரெண்டு தடவை படிச்சான். அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சான், இருமல் வர்ற வரைக்கும்.

"தூக்கிப் போட்டியா? நீ? என் பழைய செருப்பு ஒத்தைக் காலுக்கு இன்னும் அலமாரியில எடம் இருக்கு, நீ தூக்கிப் போட்டியா?"

"வாய மூடுங்க. சன்னல் தொறந்திருக்கு."

அவன் எந்திரிச்சுப் போய் சன்னலைச் சாத்தினான். அவ்வளவு அனுசரணையா அவன் அதுக்கு முன்னாடி நடந்துகிட்டதில்ல, பெறகும் நடந்துகிட்டதில்ல.

நிபுணரம்மா ரிப்போர்ட்ல, ஏத்தி எறக்கினா இன்னும் கிழியும், கவுனைத் திரும்பப் பொம்மையில மாட்டின பெறகு யாரும் எறக்கவே கூடாதுன்னு எழுதிட்டா. அடுத்த திங்கக்கெழமை ஊசியக்கா பின் வாசலைத் தொறந்து வந்து, கவுனோட ஓரத்தைத் தூக்கி, பொம்மை நிக்கிற பலகை மேல, அதைத் தாங்குற இரும்புக் கம்பிக்குப் பக்கத்துல அந்தப் பிஸ்கட் டப்பாவை வெச்சா. பழசு புதுசு ரெண்டும் ஒரே எடத்துல ஆச்சு. மியூசியத்தை விட்டு ஒரு பொட்டு வெளிய போகல, அப்ப அது எப்படித் திருட்டாகும்? செத்த நடிகைன்னாலும் பாவாடையத் தூக்கிப் பார்க்க டைரக்டருக்கு வெக்கம். அங்க யாரும் தேடப் போறதில்ல.

ரிப்போர்ட்டுப்படி கவுனுக்குப் பக்கத்துல ஒரு போர்டும் வந்துச்சு. 'இந்த உடையின் பெரும்பாலான அசல் பாகங்கள், அறியாமை மிக்க பணியாளரின் கவனக்குறைவால் குப்பையில் எறியப்பட்டு அழிந்துவிட்டன.' கண்ணாடி போட்ட போர்டு. தெனம் காலைல அதையும் ஊசியக்காதான் தொடைக்கிறா. காஞ்ச துணிதான், ஈரம் படாம. பழக்கம்.

ஜனம் இப்ப ரெட்டிப்பாயிடுச்சு. நடிகையப் பார்க்க வர்றவங்க பாதி, கெடுத்து வெச்ச அநியாயத்தைப் பார்க்க வர்றவங்க பாதி. நகராட்சி வண்டி நிறுத்த வேற எடம் தேடுது.

போன வாரம் ஒரு அம்மா புருஷனோட வந்திருந்தா. போர்டைச் சத்தமாப் படிச்சா. உச்சுக் கொட்டினா. பக்கத்துல தொடப்பத்தோட நின்ன ஊசியக்காவைப் பார்த்து, "ஏம்மா, எந்த முண்டம்மா இதைக் குப்பையில தூக்கிப் போட்டுச்சு?"ன்னு கேட்டா.

"இருக்கா ஒரு கிறுக்கச்சி," அப்படின்னா ஊசியக்கா. "இன்னும் இங்கதான் சம்பளம் வாங்கிக்கிட்டுத் திரியுறா." அப்புறம் குனிஞ்சு, கவுனுக்குக் கீழ விழுந்து கெடந்த ஒரு சமிக்கிய நகத்தால எடுத்து, சட்டைப் பையில போட்டுக்கிட்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, மூச்சுக் காத்து படுது" அப்படின்னா.